நாலு மாஸ்டரும் ஆ சோங்கின் முன்பற்களும்

1

நான் குடியேறியிருக்கும் வெளிநாட்டின் பெயர் தமிழ்நாடு. பினாங்கில் இதைப் படிக்கும் உங்களுக்கு இது வேடிக்கையாகத் தெரியலாம். இங்கே உள்ளவர்களுக்கோ இது புரிவதே இல்லை. கறுப்பாக இருக்கிறான், தமிழ் பேசுகிறான், சாம்பாரில் உப்பில்லை என்று குறை சொல்கிறான். இவன் எப்படி வெளிநாட்டுக்காரன் ஆவான் என்று கேட்கிறார்கள்.

என் மகள் ஜெசிந்தா பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை பார்த்தபோது, வாலாஜாபாத்திலிருந்து வந்திருந்த இன்ஜினியர் ஒருவரைக் கட்டிக்கொண்டாள். பிறகு இருவரும் ஒரகடத்துக்கு வந்துவிட்டார்கள். என் மனைவி காலமானதும் நானும் வந்து சேர்ந்தேன். இந்த ஆடியோடு பதினொரு வருடம் ஆகிறது. எங்கள் பால்கனியிலிருந்து பார்த்தால் கார் கம்பெனியின் மைதானம் தெரியும். காலையில் கோப்பி குடித்துக்கொண்டே அங்கே நிற்கும் புதுக் கார்களை எண்ணுவேன். நானூறைத் தாண்டினால் கண் வலிக்கும். நான் டிரம்ஸ் அடித்துப் பிழைத்தவன். நான் எண்ணாவிட்டால் வேறு யார் எண்ணுவது?

இங்கே நீண்ட நாள் தங்குவதற்கான அட்டைக்கு மனுப் போட்டிருக்கிறேன். அது ஒரு கேள்வியில் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

"சொந்த ஊர் எது சார்?"

"பினாங்கு."

"அது பொறந்த ஊர் சார். சொந்த ஊர்?"

பிறந்து, வளர்ந்து, கல்யாணம் செய்து, வரி கட்டிய ஊர் சொந்தமில்லையாம். தாத்தா எந்த ஊரிலிருந்து கப்பல் ஏறினாரோ அதுதான் சொந்தமாம். தாத்தா அதை யாரிடமும் சொல்லாமலே போய்விட்டார். மனு முடியும்வரை நாட்டை விட்டு வெளியே போக வேண்டாம் என்று அறிவுரை. ஆகவே நான் கைதி மாதிரி இருக்கிறேன். காவலுக்கு என் மகள்.

அவளும் மாறிவிட்டாள். முன்பெல்லாம் காலையில் "பசியாறியாச்சாப்பா?" என்று கேட்பாள். இப்போது "டிபன் ஆச்சாப்பா?" என்கிறாள். போன வாரம் தொலைபேசியில் யாரிடமோ "இன்னா மேட்டரு?" என்றாள். தமிழ்நாட்டுக்கு வந்து தமிழ் கெட்டுப்போன பெண்ணுக்கு என்ன செய்வது என்று பினாங்கில் யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள்.

2

விஷயத்துக்கு வருகிறேன். உங்களில் வயதானவர்களுக்கு எங்கள் குழு நினைவிருக்கும். எழுபதுகளில் கடலோர ஹோட்டல் ஒன்றில் வாரத்தில் ஆறு இரவு ஜாஸ் வாசித்தோம். டிரம்பெட் ஆ சோங், பியானோ ஹமீது, பாஸ் அல்போன்ஸ், டிரம்ஸ் சேவியர், அதாவது நான். யாரோ ஒரு விருந்தாளி அதை டேப்பில் பிடித்திருக்கிறார். அந்த டேப் சுற்றிச் சுற்றி, ஜப்பானில் பழைய ஜாஸ் பித்தர்கள் நடத்தும் ஒரு குட்டிக் கம்பெனியின் கையில் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து எங்கள் நால்வருக்கும் ஒரே மின்னஞ்சல் வந்தது. மிகுந்த மரியாதையோடு, உயிரோடு இருக்கிறீர்களா என்று கேட்டிருந்தார்கள்.

இருக்கிறோம் என்று நால்வரும் தனித்தனியே பதில் போட்டோம். நால்வருக்கும் சேர்த்து வயது முந்நூற்றுப் பதினொன்று. இதயத்தில் ஸ்டென்ட் ஐந்து, செயற்கை முட்டி மூன்று, எட்டுக் காதுகளில் கேட்பவை ஐந்து. இந்த உருப்படிகளை ஒன்றுசேர்த்து ஒரு புதிய இசைத்தட்டு போட அவர்களுக்கு ஆசை. தட்டுக்கு ஆங்கிலத்தில் 'நான்கு மாஸ்டர்கள்' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயரால் என்ன ஆகப்போகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

நால்வரில் மூவருக்கு இது பொழுதுபோக்கு. ஆ சோங்குக்கு மட்டும் அப்படி இல்லை. அவனுடைய மேல்வரிசை முன்பற்கள் நான்கும் ஆடிக்கொண்டிருந்தன. பினாங்குப் பல் டாக்டர் அவற்றைப் பிடுங்க நாள் குறித்துவிட்டார். டிரம்பெட்டின் வாய் உதட்டில் அழுந்த, உதட்டுக்குப் பின்னால் பல் முட்டுக் கொடுக்க வேண்டும். செயற்கைப் பல்லை வைத்துக்கொண்டு எழுபத்தெட்டு வயதில் புதிதாக ஊதிப் பழக முடியாது என்று டாக்டரே சொல்லிவிட்டார். டாக்டரின் நாளுக்கு முன்னால் பதிவு செய்தால் அவனுடைய டிரம்பெட் தட்டில் இருக்கும். இல்லாவிட்டால் யாரோ ஒரு ஹோட்டல் விருந்தாளியின் இருமலுக்கு நடுவே கேட்கும் அந்தப் பழைய டேப் மட்டும்தான் மிச்சம்.

என்னால் போக முடியாது. ஆகவே மூவரும் ஒரகடத்துக்கு விமானம் ஏறினார்கள்.

3

வெளிநாட்டுக்காரர்கள் வீட்டில் தங்கினால் காவல் நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தேன். மறுநாளே ஒரு கான்ஸ்டபிள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"யார் சார் அந்த சைனாகாரு?"

"சீனாக்காரர் இல்லை. மலேசியா."

"மூஞ்சப் பாத்தா சைனா மாதிரி கீதே."

"முகத்தை வைத்துச் சொல்வதானால், என் முகத்துக்கு எந்த ஊர்?"

அவர் தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தார். "நீங்க செய்யார் சைடு சார். அந்த மூக்கு அங்கதான் கெடைக்கும்."

ஓர் அலுவலகம் வருடக்கணக்கில் தேடிக்கொண்டிருக்கும் என் சொந்த ஊரை அவர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டார். மூக்கைச் சான்றாக இணைக்க முடியுமா என்று விசாரிக்க வேண்டும்.

"இன்னா வேலையா வந்துகிறாங்க?"

"ஜாஸ்."

"கேஸா? சிலிண்டர் பிசினஸா?"

"ஜாஸ். ஒரு வகைச் சங்கீதம்."

"டூரிஸ்ட் விசாவுல வேலை செய்யக்கூடாது தெரியுமா? இதுக்கு டிக்கெட்டு கீதா?"

"இல்லை."

"துட்டு குடுப்பாங்களா?"

"இதுவரை யாரும் கொடுத்ததாக நினைவில்லை."

"கேக்க ஆளாவது வருவாங்களா?"

"வர மாட்டார்கள்."

அவர் பேனாவை மூடினார். "அப்ப இது வேலையே இல்ல சார். சும்மா சுத்திப் பாக்க வந்துகினாங்கன்னு போட்டுக்கறேன்."

ஜாஸ்காரனின் வாழ்க்கையை இவ்வளவு சுருக்கமாக எந்த விமர்சகரும் சொன்னதில்லை.

4

ஒலிப்பதிவுக்குப் பெரிய கூடம் வேண்டும். கல்யாண மண்டபம் ஒன்றைப் பிடிக்கலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன்.

"ஆடி மாசம்பா," என்றாள் ஜெசிந்தா.

"தெரியும். கல்யாணம் கிடையாது. அதனால்தான் காலி."

"அப்பா, ஆடி மாசம்பா," என்றாள் மறுபடியும், கொஞ்சம் அழுத்தி.

"அதனால்தான் வாடகையும் பாதி," என்றேன், நானும் அழுத்தி.

அவள் தோளைக் குலுக்கிவிட்டு மண்டபத்துக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டாள். "மலேசியாவுல இருந்து நாலு மாஸ்டர்ஸ் வராங்க, வெள்ளிக்கிழமை தொறந்து வைங்க."

மற்ற ஏற்பாடுகள் அருமையாக நடந்தன. டிரம்ஸைத் தேவாலயப் பாடற்குழு இரவல் கொடுத்தது. மருமகன் படித்த பள்ளிக்கூடத்திலிருந்து பழைய பியானோ ஒன்று வந்தது. "குட்டியானையில ஏத்தியாச்சு மாமா, பதினோரு மணிக்கு வந்துரும்," என்று அவர் சொன்னதை ஹமீது அப்படியே நம்பி, பியானோ யானைக் குட்டி மேல் வருகிறது என்று ஆஸ்திரேலியாவில் பெர்த்தில் இருக்கும் தன் மனைவிக்குச் செய்தி அனுப்பிவிட்டான். இங்கே சின்ன சரக்கு வண்டிக்கு அதுதான் பெயர் என்று நான் விளக்கியபோது அவன் மனைவி அதைப் பதினாறு பேருக்கு அனுப்பியிருந்தாள்.

மண்டபக் காவலாளி எங்களைக் கும்பிட்டு வரவேற்று, நேராகப் பின்கட்டுக்கு அழைத்துப்போய்ச் சமையலறையைத் திறந்தார்.

"வாங்க மாஸ்டர். அடுப்பு ஆறும் சுத்தமா கீது. எத்தினி எலை?"

பினாங்கு வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். இங்கே மாஸ்டர் என்றால் டீ போடுபவர், பரோட்டா அடிப்பவர், சமையல்காரர். கல்யாண மண்டபத்துக்கு நாலு மாஸ்டர் வந்தால் வேறு எதற்கு வருவார்கள்?

"இலை கிடையாது. ஏழு பாட்டு," என்றேன்.

"பாட்டுக்கு வேற செட்டு வரும் மாஸ்டர். நீங்க அடுப்பப் பாருங்க."

ஒருவழியாக மேடைக்குப் போனோம். அங்கே மணமக்கள் உட்காரும் சிவப்பு வெல்வெட் சிம்மாசனங்கள் இரண்டு இருந்தன. ஒன்றில் அல்போன்ஸ் உட்கார்ந்து உடனே தூங்கிவிட்டான். ஒலிப்பதிவுக்கு வந்தவர் பாலமுருகன், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். என் மகளின் கம்பெனியில் கார் இருக்கைகள் எங்கே கீச்சிடுகின்றன என்று காது வைத்துக் கேட்பது அவர் வேலை. விடுமுறையில் பாட்டுப் பதிவு செய்வார். "மின்விசிறிய நிறுத்தணும்லா சார், காத்துச் சத்தம் வருதுலா," என்று அவர் சொன்னதும் ஆ சோங் துள்ளி எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். பேச்சின் முடிவில் இவ்வளவு அழகாக 'லா' போடுகிறவர் பினாங்குக்காரராகத்தான் இருக்க வேண்டுமாம். அந்த மூன்று நாளும் அவர்கள் இருவரும் வேறு பொதுச் சொல் இல்லாமலே பேசிக்கொண்டார்கள்.

மின்விசிறியை நிறுத்தினோம். சட்டைகளைக் கழற்றினோம். முந்நூற்றுப் பதினொரு வயது பனியனில் நின்றது. ஆ சோங் டிரம்பெட்டை உதட்டில் வைத்தான். நான் குச்சிகளைத் தூக்கினேன்.

"மைக் டெஸ்டிங். ஒன், டூ, த்ரீ," என்றது வானம்.

அல்போன்ஸ் நான்தான் எண்ணுகிறேன் என்று நினைத்து வாசிக்கத் தொடங்கிவிட்டான். அடுத்த நொடி அம்மன் பாட்டு மண்டபத்தின் ஜன்னல்களை அதிர வைத்தது. வெளியே ஓடிப் பார்த்தேன். கூட்டு ரோடு வரை கம்பத்துக்குக் கம்பம் ஒலிபெருக்கிக் குழாய்கள் ஏழு. இரண்டு நேராக எங்கள் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

ஜெசிந்தாவைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். "நான்தான் சொன்னேனேப்பா," என்றாள். "ரெண்டு தடவை சொன்னேன்."

அன்று பதினொரு தடவை தொடங்கினோம். ஒன்றைக்கூட முடிக்க முடியவில்லை. பாட்டு நின்றால் அறிவிப்பு, அறிவிப்பு நின்றால் ஷிப்ட் பேருந்துகளின் ஹாரன். ஒவ்வொரு தொடக்கத்துக்கும் ஆ சோங் அந்த நான்கு பற்களின் மேல் டிரம்பெட்டை அழுத்தினான். சாயங்காலம் அவன் கைக்குட்டையில் ரத்தம் இருந்தது. அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, நாளைக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று மட்டும் கேட்டான்.

5

சனிக்கிழமை காலை மூன்று பெண்கள் மண்டபத்துக்கு வந்தார்கள். முன்னால் வந்தவர் செல்வி. ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். அம்மன் கோயில் கமிட்டிக்கும் அவர்தான் தலைவி.

"மலேசியா மாஸ்டருங்க யாரு?"

நாங்கள் நால்வரும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

"எங்க மாஸ்டரு காலை வாரிட்டாரு. குன்றத்தூர்லயும் நாளைக்கித்தான் கூழு ஊத்துறாங்களாம், அங்க போறாராம். கூழ நாங்களே காச்சிக்குவோம். கருவாட்டுக் கொழம்புக்குத்தான் ஆளில்ல. ஆயிரம் பேர் வருவாங்க. வாட்ச்மேன்தான் சொன்னாரு, ஃபாரின் மாஸ்டருங்க நாலு பேரு அடுப்பே பத்த வெக்காம சும்மா குந்திகினு கீறாங்கன்னு."

நாங்கள் அந்த மாதிரி மாஸ்டர் இல்லையம்மா என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் ஹமீது கேட்டுவிட்டான்.

"என்ன கருவாடு? வாளையா, நெத்திலியா?"

பினாங்கில் ஹமீதின் தகப்பனாருக்கு நாசி கண்டார் சோற்றுக் கடை இருந்தது உங்களுக்குத் தெரியும். பியானோ அவனைப் பிடிக்கும்வரை தினம் அண்டா கிண்டியவன். அவன் கண் அப்படி மின்னி நான் பார்த்து நாற்பது வருடம் இருக்கும்.

"வாளை. உங்க பேரு இன்னா மாஸ்டர்?"

"ஹமீது."

செல்வி அவனை ஏற இறங்கப் பார்த்தார். நான் குச்சிகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"பாயா!" என்றார் செல்வி, கூட வந்தவர்களைத் திரும்பிப் பார்த்து. "அப்ப கொழம்பு தூக்கிகினு போவும்டீ."

இதுதான் நேரம் என்று நான் குறுக்கே புகுந்தேன். "எங்களுக்கும் ஓர் உதவி வேண்டும். அந்த ஒலிபெருக்கி..."

"இன்னா பெருசு, அம்மன் பாட்ட நிறுத்தச் சொல்றியா?"

"நிறுத்த வேண்டாம். கொஞ்சம் ஓய்வு கொடுங்கள். அதற்கும் வயதாகியிருக்கும்."

அவர் இடுப்பில் கை வைத்து யோசித்தார். "ஆம்ப்ளிஃபயரு மத்தியானம் சூடாயிகினுதான் கீது. ரெண்டு மணிலேர்ந்து நாலு வரிக்கும் ஆற வெக்கிறோம், இன்னிக்கும் நாளைக்கும். நாலு மணிக்கு உபயதாரருங்க பேரு படிச்சே ஆவணும். படிக்கலைன்னா ஊரே என் வூட்டு வாசல்ல நிக்கும்."

அன்று மத்தியானம் ஷிப்ட் பேருந்துகள் போய் முடிந்ததும், ஒரகடத்தில் நான் பதினொரு வருடமாகக் கேட்டிராத ஒன்றைக் கேட்டேன். அமைதி. ஆறு பாட்டை முடித்தோம். ஒவ்வொன்றும் ஒரே தடவை. ஆ சோங் வீணாக ஒரு மூச்சுகூட விடவில்லை. மெட்டை ஒருமுறை சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வான். ஹமீதும் அல்போன்ஸும் அதை அக்கக்காகப் பிரித்து விளையாடி முடித்ததும், திரும்ப வந்து நாலே நாலு சுரத்தில் பூட்டிவிடுவான். வாலிபத்தில் நாற்பது சுரம் ஊதுவான். பல்லுக்குப் பயந்து ஊதிய நாலு அதைவிட நன்றாக இருந்தது. அவனிடம் இதைச் சொல்லவில்லை, அடிப்பான்.

நடுவில் செல்வி எட்டிப் பார்த்தார். "இன்னா பாய், நீங்க பேண்டு செட்டா?"

"ஆமாம்," என்றான் ஹமீது.

"சமையலும் செய்வீங்க?"

"ஆமாம்."

"ரெண்டு தொழில் வெச்சிகினா நல்லதுதான். பேண்டு செட்டுக்கு எல்லா மாசமும் கிராக்கி இருக்காது."

6

ஞாயிற்றுக்கிழமை ஹமீது விடியற்காலையே அண்டாவோடு நின்றான். குழம்பு எப்படி இருந்தது என்று நான் சொல்வதைவிட, பன்னிரண்டு மணிக்கே தீர்ந்துவிட்டது என்று சொன்னால் போதும். கடித்துச் சாப்பிட முடியாத ஆ சோங் கூழை ஐந்து சொம்பு குடித்தான். ஐந்தாவதை ஊற்றிய பெண், "சைனா தாத்தாவுக்கு ஆத்தா எறங்கிட்டாடீ," என்றார்.

மிச்சம் இருந்தது ஒரே பாட்டு. ஆ சோங் தானே போட்ட மெட்டு. பட்டர்வொர்த்துக்குப் போகும் பழைய ஃபெர்ரியின் ஆட்டத்தில் அமைந்தது. மெதுவாக, ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து போகும். ஹோட்டலில் அதை வாசிக்க விடமாட்டார்கள், தூக்கம் வருகிறதென்று. ஐம்பது வருடம் அது அவன் தலைக்குள்ளேயே இருந்தது. திங்கட்கிழமை விமானம். புதன்கிழமை பல் டாக்டர்.

அண்டா கழுவி முடித்து மூன்றே முக்காலுக்கு ஹமீது கருவாட்டு மணத்தோடு பியானோவில் உட்கார்ந்தான். தொடங்கினோம். ஆ சோங் முதல் சுற்றை ஊதினான். பியானோ ஒரு சுற்று, பாஸ் ஒரு சுற்று. கடைசிச் சுற்றுக்கு அவன் வந்தான். இரண்டு வரி ஊதியிருப்பான். மேடைப் பலகையில் டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. டிரம்பெட்டிலிருந்து வெறும் காற்று வந்தது.

அவன் டிரம்பெட்டைக் கீழே இறக்கினான். பல் அவன் காலடியில் கிடந்தது.

பாலமுருகன் எங்களைப் பார்த்தார். நாங்கள் யாரும் நிறுத்தவில்லை. ஹோட்டலில் திரைச்சீலை தீப்பிடித்த இரவில்கூட மெட்டின் கடைசி அடிவரை வாசித்துவிட்டுத்தான் நாங்கள் வெளியே ஓடினோம். எட்டு அடி காலியாகப் போனது. எண்ணினேன். இன்னும் நாலு அடி போனது. ஒருமுறை விட்ட சுற்று திரும்பி வராது. மற்ற மூன்று பல்லும் இனி டிரம்பெட்டைத் தாங்காது. அவனால் மறுபடி தொடங்கவே முடியாது என்று எனக்குத் தெரிந்தது.

அப்போது ஆ சோங் மைக்கின் அருகே குனிந்து பாடத் தொடங்கினான். என் அறிவுக்கு எட்டியவரை அவன் குளியலறையில்கூடப் பாடியவன் அல்ல. அவன் வீட்டுப் பேச்சான ஹொக்கியன் சீனத்தில் பாடினான். பல் போன இடைவெளி வழியாகக் காற்று சீறியது. டிரம்பெட்டில் எந்தச் சுரங்களைப் பிடித்திருப்பானோ அதே சுரங்களில் வார்த்தைகளைப் போட்டுக்கொண்டே போனான். மெட்டு அதன் இடத்துக்கு வந்து இறங்கியது. நான் சிம்பலை ஒருமுறை தொட்டேன். அந்தச் சத்தம் அடங்குவதற்குள் வெளியே உபயதாரர்களின் பெயர்கள் தொடங்கிவிட்டன. தட்டில் முதல் மூன்று பெயர்கள் கேட்கும்.

பாலமுருகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். "என்ன பாஷை சார் அது? சாமி கும்பிடுத மாதிரி இருந்துச்சுலா."

என் இடது காது போய் வருடங்கள் ஆகின்றன. ஆ சோங் நின்றது இடதுபுறம். சிம்பலுக்கு நடுவே பல் டாக்டரின் தாயாரைப் பற்றிய ஒரு பகுதி மட்டும் காதில் விழுந்தது.

"ஹொக்கியன். பிரார்த்தனைதான்," என்றேன்.

ஆ சோங் பல்லைப் பொறுக்கி, ஊதித் துடைத்து, கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். டாக்டருக்குக் கொடுக்கும் கூலியில் ஒரு பல் மிச்சம் என்றான்.

7

மிச்சப் பற்களும் போய்விட்டன. டிரம்பெட்டை எண்ணெய் போட்டுத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டதாக ஆ சோங் செய்தி அனுப்பியிருந்தான். ஜப்பான்காரர்களுக்கு மற்ற ஆறு பாட்டும் பிடித்திருக்கிறது. ஏழாவது பாட்டில் கிறுக்குப் பிடித்து அலைகிறார்கள். இப்படி ஒரு வழிபாட்டுக் குரலைக் கேட்டதே இல்லையாம். தட்டின் உறையில் அந்தப் பிரார்த்தனையை முழுமையாக ஆங்கிலத்தில் அச்சிட வேண்டுமாம். உடனே அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்தது.

அதற்காக முந்தாநாள் வீட்டில் அந்தப் பாட்டைப் போட்டேன். ஜெசிந்தா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். பாடத் தொடங்கி நாலாவது அடியில் அவள் கத்தி நின்றது. பிறகு கத்தியை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து, மூச்சு வாங்கச் சிரித்தாள். "இன்னொரு தடவை போடுங்கப்பா," என்றாள். மூன்றாவது தடவை ஆ சோங்கோடு சேர்ந்து, பினாங்கு சௌராஸ்தா மார்க்கெட் மீன்காரியின் அதே இழுப்போடு, ஒரு வார்த்தை பிசகாமல் தானும் பாடினாள். ஒரகடம் முழுவதிலும் அந்தப் பிரார்த்தனை முழுதாகப் புரிந்த ஒரே ஆள் என் பெண்.

என் காதில் விழுந்தவரை மறைத்து மறைத்து மொழிபெயர்க்கலாம் என்றிருந்தேன். அவள் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். டாக்டரின் தாயார் மூன்றாவது வரியில்தான் வருகிறாராம். அதற்கு முன் இரண்டு வரி முழுக்க நான்தானாம். நான் தாளத்தில் ஓடுகிறவன் அல்ல. வாழ்க்கை முழுவதும் எண்ணி அடித்தவன். ஆனாலும் கடிகாரத்தை வைத்துக்கொண்டு அந்தக் கடைசிச் சுற்றை எண்ணிப் பார்த்தேன். ஓடித்தான் இருக்கிறேன். கொஞ்சநஞ்சமல்ல.

அனுப்பாதே என்று கெஞ்சினேன். காலையிலேயே அனுப்பிவிட்டாளாம். உலகமெங்கும் உள்ள ஜாஸ் பித்தர்கள் பயபக்தியோடு படிக்கப்போகும் முதல் வரி இது:

"டேய் கிழட்டு சேவியர், எங்கேடா ஓடுறே? விழுந்தது என் பல்லு, உன் கைலி இல்ல."